நூல் சிக்காமல் பிரிப்பது எப்படி?

வாசகர் கேள்வி – அறிவியல் பதில்

இந்த மாதக் கடிதக் கட்டில் செல் பிரிதலைப் பற்றிய கேள்விகளே அதிகம். தேர்வுக் காலம் நெருங்குகிறது என்பது அதிலேயே தெரிகிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எட்டுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

என் மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். இன்டர்ஃபேஸ், புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டெலோஃபேஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். படத்தைக் காட்டி "இங்கே என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது?" என்று கேட்டால் விழிக்கிறாள். எனக்கே புரிகிற மாதிரி சொல்லுங்கள், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.
– ஒரு தாயார், ஈசூன்

பெயர்களைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், அம்மா. செல்லுக்கு என்ன தலைவலி என்று முதலில் பார்ப்போம்.

மனித செல்லின் உட்கரு சுமார் 6 மைக்ரோமீட்டர் அகலம். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஆறு பங்கு. அதற்குள் கிடக்கும் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். கற்பனைக்கு எட்டாத கணக்கு இது. அதனால் எல்லாவற்றையும் 40,000 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். உட்கரு ஒரு கூடைப்பந்து அளவுக்கு வந்துவிடும். உள்ளே இருக்கும் நூலின் நீளம் 80 கிலோமீட்டர் ஆகும். சிங்கப்பூரின் கிழக்குக் கோடியான சாங்கியிலிருந்து மேற்குக் கோடியான துவாஸ் வரை போய், பாதி வழி திரும்பியும் வரலாம். நூலின் தடிமன் தலைமுடி அளவுதான். அதுவும் ஒரே நூல் அல்ல, 46 தனித்தனித் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம்.

இந்த 46 துண்டுகளுக்கும் ஆளுக்கொரு நகல் எடுத்து, இரண்டு பந்துகளில் சரிசமமாகப் போட வேண்டும். மொத்தம் 46 என்று எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு துண்டின் ஒரு நகலும் ஒவ்வொரு பந்திலும் இருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலோ, கூடினாலோ, குறைந்தாலோ பிறக்கும் செல் பெரும்பாலும் உருப்படாது. மகள் ஒப்பிக்கும் ஐந்து பெயர்களும் இந்த ஒரே வேலையின் படிகள்தான்.

நகல் எடுப்பது இன்டர்ஃபேஸில். இதை "ஓய்வு நிலை" என்று எழுதினால் மதிப்பெண் போகும், போகத்தான் வேண்டும். செல்லுக்கு இதைவிட வேலை மிகுந்த நேரம் கிடையாது. ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல் ஒரு சுற்று முடிக்கச் சுமார் 24 மணி நேரம் எடுத்துக்கொண்டால், அதில் 23 மணி நேரம் இன்டர்ஃபேஸ்தான். மீதி ஒரு மணி நேரத்தில்தான் மற்ற நான்கும் நடந்து முடிகின்றன. அந்த 23 மணி நேரத்திலும் மூன்று பகுதிகள் உண்டு. ஜி1 பகுதியில் செல் வளர்கிறது, எஸ் பகுதியில் டிஎன்ஏ நகலாகிறது, ஜி2 பகுதியில் எடுத்த நகல் சரிபார்க்கப்படுகிறது. எஸ் பகுதி மட்டும் சுமார் 8 மணி நேரம். நகல் எடுத்ததும் மூலமும் நகலும் பிரிந்து போவதில்லை. கோஹீசின் என்ற புரத வளையங்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும். இந்தக் கட்டு முக்கியம், அனாஃபேஸில் மறுபடி வரும்.

இப்போது பந்துக்குள் 160 கிலோமீட்டர் முடி. இப்படியே இரண்டு பக்கமும் இழுத்தால் சிக்கு விழும், அறுந்தும் போகும். அதனால் புரோஃபேஸில் ஒவ்வொரு நூலும் தன்னைத்தானே சுருட்டிக்கொள்கிறது, ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. நம் கூடைப்பந்துக் கணக்கில், ஒன்றே முக்கால் கிலோமீட்டர் முடி ஒரு சாணுக்கும் குறைவான தடித்த சுருளாகிறது. நுண்ணோக்கியில் குரோமோசோம் முதன்முதலாகத் தனித்தனியாகத் தெரிவது இங்கேதான். "புரோஃபேஸில் குரோமோசோம் உருவாகிறது" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். அது முன்பே இருக்கிறது. இப்போது சுருண்டதால் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். இதே சமயம் குரோமோசோம்களைப் பிடித்து இழுக்கப்போகும் கதிர்கோல் இழைகள் செல்லின் இரு முனைகளிலிருந்தும் வளரத் தொடங்குகின்றன. இழைகள் உட்கருவுக்கு வெளியே, குரோமோசோம்கள் உள்ளே. இரண்டும் சந்திக்க வேண்டுமானால் நடுவில் இருக்கும் சுவர் போக வேண்டும். உட்கரு உறை கலைவது அதற்காகத்தான்.

மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் செல்லின் நடுக்கோட்டில் வரிசைகட்டுகின்றன. நடுவில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பையும், அதாவது சென்ட்ரோமியரையும், எதிரெதிர் முனைகளிலிருந்து வந்த இழைகள் பிடித்து இழுக்கின்றன. இரு பக்கமும் சம பலத்தில் கயிறு இழுத்தால் கயிற்றின் நடு எங்கே நிற்கும்? அங்கேதான் குரோமோசோமும் நிற்கிறது. ஒரே பக்கத்து இழைகள் இரண்டு நகலையும் பிடித்துக்கொண்டால் அந்த இறுக்கம் வராது. இறுக்கம் இல்லாத பிடி நிலைக்காமல் நழுவும், இழைகள் மறுபடி பிடித்துப் பார்க்கும். ஒரே ஒரு குரோமோசோம் இன்னும் பிடிபடாவிட்டாலும் மற்ற 45ம் காத்திருக்கும். செல் பிரிதலில் மிக அழகான இடம் எது என்று எங்களைக் கேட்டால், இந்தக் காத்திருப்பைத்தான் சொல்வோம்.

எல்லாம் சரி என்றானதும் செபரேஸ் என்ற நொதி கோஹீசின் கட்டுகளை வெட்டிவிடுகிறது. அதுதான் அனாஃபேஸ். எல்லாக் கட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அறுவதால், 46 ஜோடிகளும் சேர்ந்தாற்போல் விலகுகின்றன. இழுபடுவது இடுப்பு, கைகள் பின்னால் தொங்கிவரும். அதனால் படத்தில் ஒவ்வொன்றும் 'வி' எழுத்துப் போலத் தெரியும். வி-யின் கூர்முனை துருவத்தை, அதாவது செல்லின் முனையை, பார்த்திருக்க வேண்டும். இதைத் தலைகீழாக வரைந்துவிடும் பிள்ளைகள் நிறையப் பேர்.

டெலோஃபேஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புரோஃபேஸைப் பின்னோக்கி ஓட்டுங்கள்: சுருள் அவிழும், உறை திரும்ப வரும், இழைகள் கலையும். பிறகு செல்லின் உடல் இரண்டாகும். விலங்கு செல்லில் ஒரு வளையம் சுருக்குப் பையின் நாடாவைப் போல் வெளியிலிருந்து உள்ளே இறுகும். தாவர செல்லுக்குக் கெட்டியான சுவர் இருப்பதால் அப்படி இறுக்க முடியாது. அங்கே நடுவில் ஒரு தட்டு தோன்றி, உள்ளிருந்து வெளியே வளர்ந்து சுவரைத் தொடும். விலங்கு செல்லில் கதிர்கோலின் முனைகளில் இருக்கும் சென்ட்ரியோல் என்ற சிறு உறுப்பு உயர் தாவரங்களுக்குக் கிடையாது என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள். வெங்காய செல்லின் படத்தில் சென்ட்ரியோல் வரைந்தால் தவறு.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி: கம்பளி நூலில் நான்கு வெவ்வேறு நீளங்கள் எடுங்கள். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டு இழைகள் வெட்டி, ஜோடியாக வைத்து, நடுவில் துணி கிளிப் மாட்டுங்கள். எட்டு இழைகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கலக்கி, கிளிப்பைக் கழற்றாமல் நான்கு ஜோடிகளையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். சிக்கு விழும். அடுத்த முறை ஒவ்வொரு ஜோடியையும் இறுகச் சுருட்டிப் போட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். புரோஃபேஸ் எதற்கு என்று அதற்கப்புறம் அவள் கேட்க மாட்டாள்.

எஸ் கட்டம் முடிந்ததும் டிஎன்ஏ இரு மடங்கு. அப்படியானால் குரோமோசோம் 92 என்றுதானே எழுத வேண்டும்? விடைத்தாளில் 46 என்று இருக்கிறது. அனாஃபேஸுக்கு மட்டும் 92 என்று இருக்கிறது. குழப்பமாக உள்ளது.
– தொடக்கக் கல்லூரி மாணவர், தெம்பனிஸ்

விடைத்தாள் சரி. குரோமோசோமை எண்ணும்போது சென்ட்ரோமியர்களை மட்டும் எண்ணுங்கள். மூலமும் நகலுமான இரண்டு இழைகள், அதாவது குரோமாட்டிட்கள், ஒரே இடுப்பில் ஒட்டியிருக்கும்வரை அது ஒரு குரோமோசோம். கட்டு அறுந்து, இடுப்பு இரண்டானதும் அவை இரண்டு குரோமோசோம்கள். அந்த நொடியிலிருந்து அவற்றைக் குரோமாட்டிட் என்று எழுதக் கூடாது.

ஆகவே ஜி1 கட்டத்தில் 46 குரோமோசோம்கள், 46 டிஎன்ஏ மூலக்கூறுகள். எஸ் முடிந்த பிறகு குரோமோசோம் 46, குரோமாட்டிட் 92, மூலக்கூறும் 92. அனாஃபேஸில் குரோமோசோம் 92, குரோமாட்டிட் என்று எதுவும் இல்லை. செல் இரண்டானதும் ஆளுக்கு 46.

வரைபடக் கேள்வியில் வேறொரு பொறி இருக்கும். செங்குத்து அச்சில் "ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏ" என்று இருந்தால், கோடு அனாஃபேஸில் இறங்காது. விலகிப் போனாலும் இரண்டு தொகுதிகளும் இன்னும் ஒரே செல்லுக்குள்தானே இருக்கின்றன? சைட்டோபிளாசம், அதாவது உட்கருவுக்கு வெளியே உள்ள செல்லின் உடல், பிரியும்போதுதான் கோடு பாதிக்கு இறங்கும். "ஒரு உட்கருவில் உள்ள டிஎன்ஏ" என்று இருந்தால் டெலோஃபேஸிலேயே இறங்கிவிடும். அச்சில் எழுதியிருப்பதை விரல் வைத்துப் படியுங்கள்.

இனப்பெருக்க செல்களை உருவாக்க, செல் அடுத்தடுத்து இருமுறை பிரியும் மியாசிஸில் இரண்டு இறக்கங்கள் வரும். முதல் பிரிவில் குரோமோசோம் எண்ணிக்கை 46இலிருந்து 23 ஆகிறது. இரண்டாம் பிரிவில் 23 அப்படியே 23ஆகவே இருக்கிறது, டிஎன்ஏ மட்டும் பாதியாகிறது. படத்தை வைத்து இனம்காண வேண்டுமானால் நடுக்கோட்டைப் பாருங்கள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த ஒத்த குரோமோசோம்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்றால் மியாசிஸ் முதல் பிரிவின் மெட்டாஃபேஸ். ஒற்றை வரிசையாக நின்றால் மைட்டாசிஸாகவோ (முதல் கேள்வியில் பார்த்த சாதாரணப் பிரிவு) மியாசிஸ் இரண்டாம் பிரிவாகவோ இருக்கலாம். அப்போது மொத்த எண்ணிக்கைதான் முடிவு சொல்லும்.

பள்ளி ஆய்வகத்தில் வெங்காய வேர் நுனி ஸ்லைடு மூன்று முறை செய்தோம். ஒருமுறை எல்லாம் ஒரே நீலக் கட்டியாக இருந்தது. மற்ற இரண்டு முறையும் நீள நீளமான செல்கள்தான் தெரிந்தன, ஒன்றுகூடப் பிரியவில்லை. எங்கே தவறு?
– உயர்நிலை மாணவிகள் மூவர், செங்காங்

நீளமான செல் தெரிந்தால் வெட்டிய இடம் தவறு. வேரில் செல் பிரிவது நுனியிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டருக்குள். அதற்கு மேலே இருக்கும் செல்கள் பிரிவதை விட்டுவிட்டு நீண்டுகொண்டிருக்கும். நீங்கள் பார்த்தது அவற்றைத்தான். நீலக் கட்டிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அமிலம் போதவில்லை, அல்லது சாயம் அதிகமாகிவிட்டது.

முதலிலிருந்து வருவோம். வெங்காயம் தேக்கா சந்தையில் வாங்கினாலும் சரி, பேரங்காடியில் வாங்கினாலும் சரி, அடித்தட்டு உலர்ந்து உறுதியாக இருக்க வேண்டும், பூசணம் கூடாது. சில வெங்காயங்கள் முளைக்காமலிருக்க மருந்திடப்பட்டு வரும், அவை வேர் விடாமல் அடம்பிடிக்கும். அதனால் இரண்டு கடைகளில் வாங்கி ஐந்தாறு வெங்காயங்களை ஒரே நேரத்தில் வையுங்கள். சின்ன வெங்காயமும் பூண்டும்கூட நன்றாக வரும். அடித்தட்டில் உள்ள காய்ந்த பழைய வேர்களைப் பிளேடால் சுரண்டிவிட்டு, வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொடும்படி உட்கார்த்துங்கள். பாதி வெங்காயம் முழுகினால் நம் ஊர் வெப்பத்துக்கு மறுநாளே அழுகும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் 2, 3 செண்டிமீட்டர் வேர் கிடைக்கும். அதற்கு மேல் காத்திருந்தால் பிரியும் செல்கள் குறையத் தொடங்கும்.

நுனியிலிருந்து ஒரு செண்டிமீட்டர் வெட்டி, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் வையுங்கள். இதை ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் செய்ய வேண்டும். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசையை அமிலம் கரைக்கிறது. அமிலம் ஆறியிருந்தாலோ நேரம் குறைந்தாலோ, பிறகு எவ்வளவு அழுத்தினாலும் செல்கள் பிரியாமல் கட்டியாகவே நிற்கும். நேரம் கூடினால் நுனி கூழாகி இடுக்கியில் எடுக்கவே வராது. வெளியே எடுத்ததும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் சாயம் ஏறாது.

கழுவிய வேரை ஸ்லைடின் மேல் வைத்து, நுனி எந்தப் பக்கம் என்று நிதானமாகப் பாருங்கள். பிரியும் பகுதி கொஞ்சம் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். அந்த 2 மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுங்கள். எறிய மனம் வராமல் வைத்துக்கொள்ளும் அந்த மிச்சத் துண்டுதான் உங்கள் நீளமான செல்கள். ஊசியால் நுனியைச் சிறு சிறு நார்களாகக் கிழித்து, டொலுய்டின் புளூ ஒரு சொட்டு விட்டு, 2 நிமிடம் கழித்து அதிகச் சாயத்தை வடிதாள் ஓரத்தால் உறிஞ்சிவிடுங்கள். மூடுகண்ணாடி வைத்து, பென்சிலின் மொட்டை முனையால் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு நான்காக மடித்த டிஷ்யூ தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு குரோமோசோம்கள் இழுபட்டுப் பாழாகும். மூடுகண்ணாடி உடைகிற அளவுக்கும் அழுத்த வேண்டாம்.

முதலில் 10 மடங்கு லென்ஸில் சதுரமான, உட்கரு பெரிதாகத் தெரியும் சின்னச் செல்கள் கூட்டமாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். அது கிடைத்த பிறகுதான் 40 மடங்குக்குப் போக வேண்டும். நூறு செல்லில் பத்துப் பிரிந்துகொண்டிருந்தாலே நல்ல ஸ்லைடு. வெங்காயத்துக்குக் குரோமோசோம் 16தான், அதுவும் பெரியவை. நன்றாக நசுங்கிய மெட்டாஃபேஸ் ஒன்று கிடைத்தால் எண்ணியே பார்க்கலாம்.

எண்ணியதைக் கணக்காக்குவது இப்படி. 200 செல்களில் 178 இன்டர்ஃபேஸ், 14 புரோஃபேஸ், 3 மெட்டாஃபேஸ், 2 அனாஃபேஸ், 3 டெலோஃபேஸ் என்று வைத்துக்கொள்வோம். பிரிபவை 22, ஆக மைட்டாடிக் குறியீடு 11 விழுக்காடு. செல் சுழற்சி, அதாவது ஒரு முழுச் சுற்று, 20 மணி நேரம் என்று கேள்வியில் தந்திருந்தால், மெட்டாஃபேஸ் எடுக்கும் நேரம் 1,200 நிமிடத்தில் 200இல் 3 பங்கு, அதாவது 18 நிமிடம். ஒரு நிலையில் அதிகச் செல்கள் தென்பட்டால் அந்த நிலை அதிக நேரம் நீடிக்கிறது என்று பொருள். வேகமாக நடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

என் மருமகளுக்குப் பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். சில முடிவுகள் மூன்று நாளில் வந்துவிட்டன. முழு அறிக்கைக்கு இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். ஏன் இந்தத் தாமதம்? 35 வயதுக்கு மேல் கவனம் தேவை என்கிறார்களே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?
– ஒரு மாமியார், சுவா சூ காங்

தாமதம் அலட்சியத்தால் வந்ததல்ல அம்மா, செல் வளரும் வேகம் அவ்வளவுதான். குரோமோசோமை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் அது சுருண்டிருக்க வேண்டும். சுருளுவதோ பிரியும் செல்லில் மட்டும். பனிக்குட நீரில் மிதக்கும் குழந்தையின் செல்களில் உயிரோடு இருப்பவை கொஞ்சம்தான். அவற்றை 37 டிகிரி வெப்பத்தில் ஊட்டக் கரைசலில் வளர்த்து, போதுமான அளவு பெருக வைக்கவே பத்து நாளுக்குக் குறையாமல் ஆகும். பிறகு கதிர்கோல் இழைகளைக் கலைக்கும் மருந்தைச் சேர்ப்பார்கள். இழுக்க இழை இல்லாததால் செல்கள் மெட்டாஃபேஸிலேயே நின்றுபோகும். உப்புக் குறைந்த கரைசலை ஊற்றினால் செல்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பும், உள்ளே குரோமோசோம்கள் விலகி நிற்கும். ஸ்லைடில் சொட்டி, சாயமேற்றி, 15, 20 செல்களிலாவது எண்ணிப் பார்த்து, ஜோடி சேர்த்துப் படமாக்குவார்கள். மூன்று நாளில் வந்த முடிவு வேறு வகை. 13, 18, 21 போன்ற சில குரோமோசோம்களின் டிஎன்ஏ அளவை மட்டும் பார்ப்பது அது. அதற்குச் செல் பிரியவேண்டிய அவசியமில்லை.

இழையைக் கலைக்கும் மருந்துகளில் மூத்தது கோல்ச்சிசின். அது நம் செங்காந்தளில் இருக்கிறது. தமிழகத்தின் மாநிலப் பூவாகிய அதைக் கரூர், திண்டுக்கல் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கிழங்கு முதல் விதை வரை நஞ்சு, அழகுக்காக வளர்த்தாலும் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

மனிதனுக்குக் குரோமோசோம் 46 என்பதே இந்த நுட்பங்கள் கைவந்த பிறகுதான் தெரிந்தது. 1920களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் 48 என்றே சொல்லிவந்தன. அதைத் திருத்தியவர் நமக்குப் பக்கத்துத் தீவான ஜாவாவில் 1919இல் பிறந்த ஜோ ஹின் ஜியோ. 1955 டிசம்பரில், சுவீடனின் லுண்ட் நகரில், உப்புக் குறைந்த கரைசலும் கோல்ச்சிசினும் சேர்த்து அவர் செய்த ஸ்லைடுகளில் எண்ணிக்கை தெளிவாக 46 என்று வந்தது. ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து 1956இல் வெளியிட்டார்.

வயது விவரத்துக்கு வருவோம். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவர் பிறப்பதற்கு முன்பே மியாசிஸைத் தொடங்கி, முதல் பிரிவின் புரோஃபேஸிலேயே நின்றுவிடுகின்றன. மாதாமாதம் முட்டை வெளிவரும்போதுதான் அது மேலே நகரும். இரண்டாம் பிரிவு முடிவது விந்தணு உள்ளே நுழைந்த பிறகு. 38 வயதில் வெளிவரும் முட்டையின் குரோமோசோம்களை 38 ஆண்டுகளுக்கும் மேலாகக் கோஹீசின் வளையங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை நாள்பட நைந்துபோகின்றன. பிடி தளர்ந்தால் ஒரு ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விடலாம். 21ஆம் குரோமோசோமில் அப்படி நடந்தால் குழந்தைக்கு அது மூன்று பிரதிகளாக அமையும். டௌன் சிண்ட்ரோம் என்பது அதுதான். தாய் சாப்பிட்டதாலோ, எடை தூக்கியதாலோ வருவதல்ல. இதை வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

கீமோதெரப்பியில் ஏன் முடி கொட்டுகிறது? விரல் நுனி மரத்துப்போவது எதனால்?
– வாசகர், பிடோக்

பல கீமோ மருந்துகள் பிரியும் செல்லைக் குறிவைப்பவை. புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று அவற்றுக்குப் பெரிதாகப் பேதம் தெரியாது. மயிர்க்கால், வாய் மற்றும் குடலின் உட்புறம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்கள் உடலில் வேகமாகப் பிரிபவை. முடி உதிர்வு, வாய்ப்புண், இரத்த அணுக் குறைவு ஆகியவை அங்கிருந்து வருகின்றன. சிகிச்சை முடிந்தபின் முடி பெரும்பாலும் திரும்ப முளைக்கும், அடியில் இருக்கும் மூல செல்கள் மெதுவாகப் பிரிபவை என்பதால் தப்பிவிடுகின்றன.

விரல் மரப்பது வேறு கதை. நரம்பு செல் பிரிவதே இல்லை. ஆனால் வின்கிரிஸ்டின், பாக்லிடாக்சல் போன்ற மருந்துகள் தாக்குவது கதிர்கோலின் நுண்குழல்களை, அதாவது அதன் இழைகளை. அதே நுண்குழல்கள்தாம் நரம்பிழைக்குள் சரக்கு கொண்டுபோகும் தண்டவாளம். முதுகெலும்பிலிருந்து விரல் நுனிவரை போகும் நீண்ட நரம்புகளுக்குத்தான் முதலில் சரக்குத் தட்டுப்பாடு வரும், அதனால் கை, கால் நுனிகளில் தொடங்குகிறது. மரத்துப்போவதைச் சாதாரணம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். இதில் வின்கிரிஸ்டின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே தொட்டியில் பூத்திருக்கும் நித்தியகல்யாணியிலிருந்து. அதற்காக இலையைக் கசக்கிக் குடிக்க வேண்டாம், மருந்தின் அளவு மில்லிகிராம் கணக்கு.

பேரன் ஆங்கிலத்தில் படிக்கிறான். நான் தமிழில் உயிரியல் படித்தவன். இருவருக்கும் சொல் ஒத்துவரவில்லை. சரியான தமிழ்ச் சொற்கள் எவை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ

ஐயா, தமிழகத்தில் ஒரு வழக்கும் இலங்கையில் ஒரு வழக்கும் இருக்கின்றன, இரண்டும் சரியே. தமிழகப் பாடநூல்களில் செல், மறைமுகப் பிரிவு அல்லது மைட்டாசிஸ், குன்றல் பிரிவு அல்லது மியாசிஸ். இலங்கையில் கலம், இழையுருப்பிரிவு, ஒடுக்கற்பிரிவு. குரோமோசோம் அங்கே நிறமூர்த்தம்.

எங்கள் ஓட்டு இழையுருப்பிரிவுக்கு. 1882இல் வால்தர் பிளெமிங் சாலமாண்டர் குஞ்சுகளின் செல்களில் சாயமேறிய நூல்களைப் பார்த்து மைட்டாசிஸ் என்று பெயர் வைத்தபோது, நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார். இழையுரு அதை அப்படியே சொல்கிறது. 'மறைமுகம்' என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. குன்றல் நல்ல சொல், மியாசிஸுக்குக் கிரேக்கத்தில் குறைதல் என்றே பொருள். பேரனிடம் பேசும்போது நிலைகளின் பெயரை ஆங்கில ஒலியிலேயே வைத்துக்கொண்டு, விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள். அவன் தேர்வெழுதப் போவது அந்தப் பெயர்களில்.

சமைத்த சோற்றில் கிருமி பெருகுவதும் மைட்டாசிஸ்தானா?
– இல்லத்தரசி, உட்லண்ட்ஸ்

இல்லை. பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை, கதிர்கோல் இல்லை. ஒரே வட்ட டிஎன்ஏவை நகலெடுத்துக்கொண்டு நடுவில் இரண்டாகிவிடும். அதனால்தான் அத்தனை வேகம். சாதகமான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 8, நான்கு மணி நேரத்தில் 4,096. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பம் கிருமிகளுக்கு வசதி, நம் சமையலறை மேடை சரியாக அதன் நடுவில் இருக்கிறது. கேட்டரிங் சாப்பாட்டில் நேரம் குறித்து ஒட்டுகிறார்களே, அது இந்தக் கணக்குத்தான்.

விதையில்லாத தர்பூசணிக்கு விதை எங்கிருந்து வருகிறது?
– தொடக்கநிலை ஐந்து மாணவன், பொங்கோல்

தம்பி, நல்ல கேள்வி. சாதாரணத் தர்பூசணிச் செடியின் செல்லில் 22 குரோமோசோம்கள். அதன் நாற்றில் கோல்ச்சிசின் தடவினால், நகல் எடுத்த குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் பிரிய முடியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும், எண்ணிக்கை 44 ஆகிவிடும். இந்த 44 செடியின் பூவில் 22 செடியின் மகரந்தத்தைச் சேர்த்தால், ஒரு பக்கமிருந்து 22, மறுபக்கமிருந்து 11, மொத்தம் 33 உள்ள விதை கிடைக்கும். கடைகளில் விவசாயி வாங்குவது அந்த விதையை.

அது முளைத்துக் கொடியாவதில் சிக்கல் இல்லை. மைட்டாசிஸுக்கு ஜோடி தேவையில்லை, 33ஐயும் நகலெடுத்துப் பிரித்துவிடும். பூக்கும்போதுதான் தகராறு. மியாசிஸில் இரண்டிரண்டாக ஜோடி சேர வேண்டும், இங்கே ஒவ்வொன்றும் மூன்று மூன்றாக இருக்கின்றன. கணக்கு ஒத்துவராமல் முட்டையும் மகரந்தமும் கெட்டுப்போகும், விதை உருவாகாது. நீ சாப்பிடும்போது தென்படும் மெல்லிய வெள்ளை விதைகள் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் உறைகள். ஆனால் மகரந்தம் விழாவிட்டால் பழமே திரளாது. அதனால் தோட்டத்தில் நான்கைந்து செடிகளுக்கு ஒன்றாகவாவது சாதாரணத் தர்பூசணியும் நடுவார்கள். கடையில் விற்கும் கேவண்டிஷ் வாழைப்பழத்துக்கும் இதே 33தான். அதைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் தெரியும் கரும்புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோனவை.